பிள்ளைத்தாச்சி வீட்டு மாந்தோப்பு

எங்கள் தொழிலில் பூச்சி சுலபம், தோப்புக்காரர்தான் கஷ்டம்.

உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் மரத்துக்கு மருந்தடிக்கிற ஆள் யார் என்று கேட்டால் என்னைத்தான் கைகாட்டுவார்கள். பெயர் கஜேந்திரன். ஒரு குட்டியானை வண்டி, அதன் மேல் ஒரு டிரம், ஒரு பவர் ஸ்பிரேயர், வெயிலில் வெளுத்துப்போன ஓஸ், அந்த ஓஸை மரத்துக்கு மரம் இழுத்துக்கொண்டு போக பச்சையப்பன் அண்ணன். அவ்வளவுதான் என் கம்பெனி. நீங்களும் மெஷின் வைத்திருப்பவராக இருந்தால் இதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வீர்கள். வேறு தொழில் என்றாலும் பரவாயில்லை. வாடிக்கையாளர் என்று ஒருத்தர் இருக்கிற எல்லா இடத்திலும் இதே ரோதனைதான்.

பனிக்காலத்தில்தான் எங்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. மழை விட்டுப் பனி இறங்க ஆரம்பித்ததும் மாந்தோப்புக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு அந்துப்பூச்சி வரும். பார்வைக்கு அப்பாவி. அது வைத்துவிட்டுப் போகிற முட்டையிலிருந்து வருகிற புழு இருக்கிறதே, அது இலையையும் பூங்கொத்தையும் நூலால் பின்னிக் கூடு கட்டி, உள்ளே உட்கார்ந்து நிதானமாகத் தின்னும். மார்கழியில் விட்டால் தையில் பூ இல்லை, தையில் பூ இல்லையென்றால் சித்திரையில் காய் இல்லை. மொட்டு பிரிவதற்குள் அடித்துவிட வேண்டும். பூ விரிந்த பிறகு அடித்தால் தேனீ சாகும், தேனீ செத்தால் பிஞ்சு பிடிக்காது. அதனால் எல்லாத் தோப்புக்காரர்களும் ஒரே வாரத்தில் போன் பண்ணுவார்கள். போன மார்கழியிலும் பண்ணினார்கள். அதில் பக்கத்துப் பக்கத்துத் தோப்புக்காரர்கள் இரண்டு பேரிடம் நான் மாட்டிக்கொண்ட கதைதான் இது.

கலவை

ஏகாம்பரம் அண்ணனுக்கு ஏரிக்கரையைத் தாண்டித் தோப்பு. எல்லாம் பங்கனப்பள்ளி ஒட்டு. நல்ல மனுஷன், அவசரத்துக்குக் காரை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறவர். ஆனால் மருந்து விஷயத்தில் மட்டும் யார் மேலும் நம்பிக்கை கிடையாது, அந்த மருந்து மேலேயே கிடையாது. கூப்பிட்டாரே என்று போனால், கிணற்று மேடையில் மூன்று பாட்டில் வரிசையாக நிற்கிறது. மூன்றும் மூன்று கடையில் வாங்கியது. பக்கத்தில் ஒரு சரம் ஷாம்பு பாக்கெட். "எல்லாத்தையும் ஒரே டிரம்ல ஊத்திடு நைனா. ஷாம்பு போட்டா எலையில நல்லா ஒட்டிக்கும்" என்றார்.

இப்படி ஊற்றினால் மருந்து திரிந்துபோகும், ஓஸ் அடைக்கும், கொழுந்து கருகும், அடிக்கிற எங்களுக்கு மயக்கம் வரும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் தானாக ஏறிவிடும். அன்றைக்கு ஏரியின் அந்தக் கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். மூன்றில் ஒன்றை மட்டும் அளவோடு கலக்குவேன், பிடிக்காவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். வாரக்கடைசியில் அடிப்பதாகப் பேச்சு முடிந்தது. பாட்டில்களை இடுப்பில் அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் போகும்போது அவர் சொன்னது:

"காய்ச்சல்னு போனா டாக்டரே நாலு மாத்திரை சேத்துதான் குடுக்குறாரு. நீ இன்னா, டாக்டருக்கு மேலயா?"

தாடி

ஏகாம்பரம் தோப்பை ஒட்டி, வேலிக்கு இந்தப் பக்கம் தாமோதரன் தோப்பு. வீடும் தோப்புக்குள்ளேயேதான், வேலிக்கு ரொம்பக் கிட்டத்தில். போகிற வழியில் எட்டிப் பார்த்தவன் வண்டியை நிறுத்திவிட்டேன். மரத்துக்கு மரம் கூடு. கிளை நுனியெல்லாம் காய்ந்த இலைக் கொத்து கொத்தாகத் தொங்குகிறது. இன்னும் கொஞ்ச நாள் விட்டால் மொட்டு ஒன்றுகூட மிஞ்சாது. "தாமு, ஏம்பா என்னைக் கூப்பிடலை?" என்று கேட்டுக்கொண்டே போனால், வந்து நின்ற ஆளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் முழுக்கத் தாடி. கழுத்தில் மாலை இல்லை, இடுப்பில் காவி இல்லை. எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் என்று கேட்டேன்.

கோயிலுக்கு இல்லையாம். அவர் சம்சாரம் மஞ்சுளா ஏழு மாசம் முழுகாமல் இருக்கிறாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து. பிள்ளைத்தாச்சி வீட்டுக்காரன் முடி வெட்டக்கூடாது, தேங்காய் உடைக்கக்கூடாது, பச்சை மரத்தை வெட்டக்கூடாது, ஒரு உயிரையும் கொல்லக்கூடாது என்று நம் பக்கத்தில் சொல்வார்களே, அதை இவர் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்கிறார். சமையல்கட்டில் சாரைப்பாம்பு வந்தபோது அதற்கு வழிவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாராம், அது தானாகப் போகிறவரைக்கும். கூடு கட்டின கிளையையாவது கழித்துவிடலாமே என்றேன். பச்சை மரம் ஆச்சே என்றார். நான் கூலிக்கு அடிக்கிறவன், பாவம் என் கணக்கில் போகட்டும் என்றேன். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கழுத்தில் ஒரு புழு ஊர்ந்தது. அதைப் பக்குவமாக எடுத்து, தின்பதற்குத் தோதான ஒரு கொழுந்தில் விட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்:

"ஒம்போது வருஷமா காத்துக்கினு கீறோம்ணா. தோப்பா புள்ளையான்னு கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

மார்கழி

மறுநாள் மஞ்சுளா போன் பண்ணினாள். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் பேசுகிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது. "அண்ணா, அவரு தொட வேணாம். அவருதானே கொல்லக்கூடாது? நான் சொல்றேன், நீங்க வந்து அடிங்க. இந்தத் தோப்பை வுட்டா எங்களுக்கு வேற வரும்படி இல்லண்ணா. பொறக்கப்போற புள்ளைக்கு நாளைக்கு இன்னாத்தக் குடுப்போம்?" என்றாள். நியாயமான கேள்வி. ஆனால் நான் அடிக்கிறது பன்னீர் இல்லையே. அவள் படுக்கிற இடம், துணி காயப்போடுகிற கொடி, குடிக்கிற கிணறு, எல்லாம் அந்த மரத்தடியில்தான். வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி உள்ளே இருக்கும்போது என் மெஷின் அந்தத் தோப்புக்குள் வராது என்று சொன்னேன். ஒரு வாரம் தென்னேரிக்கு உங்கம்மா வீட்டுக்குப் போய் இரு, நான் முடித்துக் கொடுக்கிறேன் என்றேன்.

அதுவும் முடியாதாம். வளைகாப்பு போட்டுத்தான் தாய் வீட்டுக்கு அனுப்புவார்கள். மார்கழியில் வளைகாப்பு போட மாட்டார்கள். தை பிறந்து முதல் முகூர்த்தத்துக்கு நாள் குறித்திருக்கிறது. அதற்கு முன்னால் ஏழு மாசத்தில் பையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால், புருஷனோடு சண்டை என்று இரண்டு ஊரும் பேசும், அவள் அம்மாவே வாசலில் நிற்கவைத்துக் கேள்வி கேட்பாளாம். நான் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். குழந்தை பிறக்கிறவரை இவர் கொல்ல மாட்டார். தை பிறக்கிறவரை இவள் நகர மாட்டாள். மொட்டு தைக்காகக் காத்திருக்காது. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுச்சந்து. "ஊர் பேசுனா பேசிட்டுப் போவட்டும்மா" என்று எரிந்து விழுந்தேன். அப்புறம் கேட்டாள்:

"மனுசங்களுக்குத்தான் மார்கழியாண்ணா? புழுவுக்கு இல்லையா?"

பாவம் யார் கணக்கில்

வாரக்கடைசியில் ஏகாம்பரம் தோப்புக்கு மெஷினோடு போனேன். போன இடத்தில்தான் அடுத்த பேஜார். வாடைக் காற்று அவர் தோப்பிலிருந்து நேராகத் தாமோதரன் வீட்டுப் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. வேலியோரம் நின்று வாய்க்கால் மண்ணை அள்ளித் தூவிப் பார்த்தேன். தூசி பறந்துபோய் அவர்கள் வீட்டுத் துணிக்கொடியில் விழுந்தது. மண் போகிற இடத்துக்கு மருந்தும் போகும். காற்று அடங்கின ஒரு விடியக்காலையில் வந்து அடிக்கிறேன், வேலியோர வரிசையை மட்டும் தை வரைக்கும் தொட வேண்டாம் என்றேன். ஏகாம்பரம் கையிலிருந்த துண்டைத் தூக்கிக் கீழே எறிந்தார். "அவன் புழு வளக்குறான். வளத்து என் தோப்புக்கு அனுப்புறான். அதுக்கு நான் காத்துக்கினு இருக்கணுமா?" என்று சத்தம் போட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் மஞ்சுளா நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது.

சத்தம் கேட்டுத் தாமோதரனும் வந்தார். "நான் வெளியூர் போயிடறேன், எனக்குத் தெரியாம ரெண்டு தோப்புக்கும் சேத்து அடிச்சிடுங்க, கண்ணால பாக்கலைன்னா பாவம் எனக்கு வராதுல்ல" என்று மெதுவாக என்னைக் கேட்டார். பாவம் வருமோ வராதோ எனக்குத் தெரியாது, உன் சம்சாரம் மூக்குக்கு மருந்து வரும், அது எனக்கு நல்லாத் தெரியும் என்று அவரையும் ஒரு கத்து கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். அடிக்காமலேயே வண்டியைத் திருப்பினேன். அடுத்த வாரம் முழுக்கக் காற்று அடங்கவே இல்லை. தினமும் காலையில் போய் மண்ணைத் தூவிப் பார்ப்பதும் திரும்பி வருவதுமாக இருந்தோம். ஒரு நாள் திரும்பும்போது பச்சையப்பன் அண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"மருந்தடிக்கிறதுக்குப் போறவனைப் பாத்துகீறேன் கஜா. அடிக்காம வர்றதுக்கு தெனம் டீசல் போட்டுக்கினு போறவன் நீ ஒருத்தன்தான்."

காற்று

அன்றைக்கு நாங்கள் ரோட்டோரம் வேறொரு தோப்பில் வேலையாக இருந்தோம். வெயில் ஏறி, காற்றும் நன்றாக வீசத் தொடங்கியிருந்தது. தாமோதரன் போன். "அண்ணா, மஞ்சுளா வாந்தி எடுக்குறா. கண்ணெல்லாம் எரியுதுன்றா. ஒரே நாத்தம்ணா." விசாரித்தால், ஏகாம்பரம் சொந்தக்காரர் யாரிடமோ மெஷினை இரவல் வாங்கி, தானே இறங்கிவிட்டார். வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மஞ்சுளா மேல் சாரல் விழுந்திருக்கிறது. "வீட்டுக்குள்ள கூட்டிப் போவாதே. ரோட்டுப் பக்கம் இட்டுக்கினு வா. போட்டிருக்கிற துணியை மாத்து. அங்க யார் வூட்லயாவது சோப்பு போட்டுக் குளிப்பாட்டச் சொல்லு. புளித்தண்ணி, உப்புத்தண்ணி ஒண்ணும் குடுக்காதே" என்று கத்திக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

ஏரிக்கரை திரும்பும்போதே மூக்கில் ஏறியது. மூன்று மருந்தின் வாடை, அதற்கு மேல் ஷாம்பு வாசனை. ஏகாம்பரம் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலியோர மரத்துக்கு அடித்துக்கொண்டிருந்தார். மெஷின் சத்தத்தில் நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. ஓடிப்போய் மெஷினை நிறுத்தினேன். அவர் திரும்பி என்னைப் பார்த்து முறைத்தார். "அந்தப் பொண்ணு வாந்தி எடுத்துக்கினு கீதுய்யா" என்றேன். ஸ்பிரே கன் அப்படியே அவர் கையிலிருந்து நழுவியது. கிணற்று மேடையில் இருந்த மூன்று காலி பாட்டிலையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். அப்போதுதான் உறைத்தது, என் வண்டியில் அவளை ஏற்ற முடியாது. வருஷக்கணக்காக மருந்து ஊறின வண்டி. நான் சொல்லாமலேயே ஏகாம்பரம் ஓடிப்போய்த் தன் காரைக் கொண்டுவந்து ரோட்டில் நிறுத்தினார். அதில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். மஞ்சுளா ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, ஒரு கையால் வயிற்றைத் தடவிக்கொண்டே வந்தாள். வழியெல்லாம் அவள் ஒன்றே ஒன்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "அசையலைங்க. காலையில அசைஞ்சிது. இப்ப அசையலைங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்ன மருந்து என்று கேட்டார். பையைத் திறந்து மூன்று பாட்டிலையும் மேஜை மேல் வைத்தேன். அவர் லேபிளை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, இதில் எது என்று நிமிர்ந்து பார்த்தார். நான் திரும்பிப் பார்த்தேன். ஏகாம்பரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவ்வளவு பெரிய ஆள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. அவர் சொன்னது:

"மூணும்தாம்மா. ஷாம்பும் போட்டுட்டேன்."

துடிப்பு

வார்டுக்கு வெளியே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரி வாசல் புதிதில்லை. மயங்கி விழுந்த கூலி ஆட்களை நானே தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்து நான் அடிக்கவில்லை, ஆனாலும் கதவு திறக்கும்போதெல்லாம் என் பெயரைத்தான் கூப்பிடப் போகிறார்கள் என்று தோன்றியது. தாமோதரன் உட்காரவே இல்லை. ஏகாம்பரம் தூரத்தில் தூணோடு தூணாக நின்றார். டீ வாங்கிக் கொடுத்தேன், இரண்டு பேரும் குடிக்கவில்லை. ஆறிப்போன டீயை நானே குடித்தேன்.

சாயங்காலம் நர்ஸம்மா வந்து தாமோதரனை மட்டும் உள்ளே கூப்பிட்டார். திரும்பி வந்தபோது அந்தத் தாடியெல்லாம் ஈரம். குழந்தைக்குத் துடிப்பு நன்றாக இருக்கிறதாம். ஒரு ஸ்பீக்கர் பெட்டியில் அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தார்களாம், குதிரை ஓடுகிற மாதிரி இருந்ததாம். அம்மாவுக்கும் பயமில்லை, இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புவார்கள், ஆனால் அந்தத் தோப்புப் பக்கம் இப்போதைக்குக் கூட்டிப்போகக்கூடாது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஏகாம்பரம் கிட்டே வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். தாமோதரன் கையைக் காட்டி நிறுத்தினார். குரலை உயர்த்தவே இல்லை. அவர் சொன்னது:

"நீ வேணும்னு பண்ணலைன்னு தெரியும்ணா. ஆனா நான் ஒரு உசுரையும் கொல்லக்கூடாதுன்னு கீறேன். அதை முறிக்க வெச்சிடாதே."

ஒட்டடைக் கம்பு

மஞ்சுளாவை ஆஸ்பத்திரியிலிருந்து உத்திரமேரூரில் நாத்தனார் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். தோப்பு காலி. இப்ப அடிக்கலாமே என்றார் பச்சையப்பன் அண்ணன். நானும் அதே நினைப்போடுதான் போனேன். போய் மரத்தடியில் நின்றால் தலைக்கு மேலே ரீங்காரம். சில கொத்தில் பூ விரிந்துவிட்டது, தேனீ வந்துவிட்டது. இனிமேல் அடித்தால் அடிக்காததைவிட மோசம். மீதி மொட்டையெல்லாம் புழு நூலால் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு கூட்டைக் கையால் பிடித்து இழுத்தேன். பிய்ந்துகொண்டு வந்தது, மொட்டுக் காம்பு அப்படியே நின்றது. அதைக் கவனித்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மருந்தடித்து மருந்தடித்து மூளையும் டிரம் ஆகிவிட்டது.

விஷயத்தைச் சொல்ல நாத்தனார் வீட்டுக்குப் போனேன். பொங்கலுக்கு வீடு சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு ஒட்டடை அடிக்கிறாள், மஞ்சுளா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். மருந்து அடிக்க முடியாது, தோப்பு போச்சு என்று சொன்னேன். நான் கையால் கூட்டைப் பிய்த்ததையும் சொன்னேன். அவள் என்னைப் பார்க்காமல் நாத்தனார் கையிலிருந்த கம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, அந்த ஒட்டடையிலயும் சிலந்தி கீது, பூச்சி கீது. வருஷா வருஷம் எங்க வூட்டுக்காரருதான் அடிப்பாரு. ஒட்டடை அடிச்சவனைக் கொலைகாரன்னு யாராவது சொல்லிக்கீறாங்களா?" என்றாள். நான் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவள் சொன்னது அத்தனையும் சரி.

கூட்டையெல்லாம் ஒட்டடை மாதிரி சுருட்டி இழுத்துப் போகித் தீயில் போட்டுவிடலாம் என்று தாமோதரனிடம் போய்ச் சொன்னேன். சுத்தம் பண்றது சுத்தம் பண்றதுதான், ஆனா தீ வைக்க மட்டும் நான் வர மாட்டேன் என்றார். மூங்கில் நுனியைப் பிளந்து, அதில் துடைப்பத்தைக் கட்டி, மரத்துக்கேற்ற கம்பு தயார் பண்ணினோம். கம்பைக் கூட்டுக்குள் செருகி முறுக்கி இழுத்தால் கூடு சுருட்டிக்கொண்டு வரும், மொட்டு தப்பிக்கும். நாத்தனார் தெருவில் வீடு சுத்தம் பண்ணிக்கொண்டிருந்த பொம்பளைகள் பாதிப் பேர், தலையில் கட்டின துணியை அவிழ்க்காமலேயே தோப்புக்கு வந்துவிட்டார்கள். ஏகாம்பரம் இருக்கிறதிலேயே நீளமான கம்போடு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. தாமோதரன் அவரைப் பார்த்துவிட்டு உயரமான மரத்தைக் காட்டினார். போகிக்கு முந்தின நாள்வரை கழுத்து வலிக்க வலிக்க ஒட்டடை அடித்தோம். கீழே விழுந்த புழுவுக்குக் கோழியும் மைனாவும் சண்டை போட்டுக்கொண்டன. அது அதோட ஆகாரம் என்று தாமோதரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போகியன்று விடியலில் பிள்ளைகள் மேளம் தட்டிக்கொண்டிருக்க, பழைய பாய், தேய்ந்த துடைப்பம், அதற்கு மேல் மலை மாதிரி காய்ந்த இலைக்கூடு. எல்லாரும் சுற்றி நிற்கிறோம், தீப்பெட்டியை யாரும் எடுக்கவில்லை. பாவம் யார் கணக்கில் போகும் என்று ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டார்கள். வருஷம் முழுக்கக் கொல்கிற நானே, சொன்னால் நம்ப மாட்டீர்கள், அன்றைக்குத் தயங்கினேன். ஏகாம்பரம்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். தீக்குச்சியைக் கிழித்துக்கொண்டே சொன்னார்:

"தள்ளுங்க. என் பொண்டாட்டி புள்ளை பெத்து இருவது வருஷம் ஆவுது. எனக்கு ஒண்ணும் ஆவாது."

கை

தை பிறந்து மஞ்சுளாவுக்கு வளையல் போட்டுத் தென்னேரிக்கு அழைத்துப்போனார்கள். தோப்பு முழுசாகத் தப்பவில்லை, பொய் சொல்ல மாட்டேன். மூன்றில் ஒரு பங்கு மரம் மொட்டையாகவே நின்றது. மீதியெல்லாம் பூத்தது, காயும் பிடித்தது. ஏகாம்பரத்தின் வேலியோர வரிசைதான் மூன்று மருந்தையும் ஷாம்பையும் குடித்துக் கருகிப் போய்விட்டது. அதைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. பங்குனியில் பெண் குழந்தை. சித்திரையில் குழந்தையைத் தோப்பு வீட்டுக்குக் கொண்டுவந்து, பேர் வைக்கிற அன்றைக்கு என்னையும் கூப்பிட்டார்கள்.

அன்று காலையில் ஒரு கத்தரிக்காய் வயலில் வேலை முடித்துவிட்டுத்தான் போனேன். கிளம்புமுன் சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குளித்தேன். ஆனால் எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், இந்த வாடை தோலுக்குள் இருக்கிறது, குளித்தால் போகாது. என் பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது நான் வீட்டுக்கு வந்தால் என் சம்சாரம் அவர்களை உள்ளே இழுத்துக்கொள்வாள். குளித்துவிட்டு நான் வருவதற்குள் அவர்கள் தூங்கியிருப்பார்கள். அவளைக் குறை சொல்லவில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். அதனால் பந்தல் ஓரத்திலேயே நின்றுகொண்டேன். தாமோதரன் தாடியை எடுத்திருந்தார், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இருந்தார். மஞ்சுளா அத்தனை சொந்தக்காரர்களையும் தாண்டிக் குழந்தையோடு நேராக என்னிடம் வந்தாள். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். "வேணாம்மா, மருந்துக் கை" என்றேன். அவள் குழந்தையை நீட்டிக்கொண்டேதான் நின்றாள். சொன்னாள்:

"எங்க தோப்புல அடிக்காத கைதானேண்ணா. தூக்கு."

தூக்கினேன், எனக்கு அழுகை வந்துவிட்டது, குழந்தை என் சட்டையை மோந்து பார்த்து ஒரு தும்மல் போட்டது. இந்தத் தொழிலில் இதைவிட நல்ல சர்டிபிகேட் உங்களில் யாருக்காவது கிடைத்திருந்தால் சொல்லுங்கள், நான் மெஷினை விற்றுவிடுகிறேன்.